டி-கைப்பிடி ஆலன் கீ: எந்தத் திருகுக்கு, எவ்வளவு நீளம், எந்த முனை

எல் வடிவ ஆலன் கீகளைக் (அறுகோணக் குழியுள்ள திருகுகளைச் சுழற்றும் சாவிகளை) கொண்டே இயந்திரச் சட்டங்களைப் பூட்டி வருவதாகவும், நாள் முழுவதும் திருகுகளைச் சுழற்றி விரல்கள் ஓய்ந்துபோவதாகவும், இடையிடையே திருகின் தலைக்குழி மழுங்கிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எம்3 முதல் எம்10 வரையிலான (3 முதல் 10 மி.மீ. வரை மரை விட்டமுள்ள) திருகுகளுக்கு, ஆங்கில டி வடிவப் பிடி கொண்ட டி-கைப்பிடி செட் ஒன்றை வாங்கலாமா, வாங்கினால் முனை பந்து வடிவில் இருக்க வேண்டுமா, தண்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள்.

சுருக்கமாகச் சொன்னால், டி-கைப்பிடி 3, 4, 5 மி.மீ. சாவி அளவுகளில் மிகச் சிறந்த கருவி, 6 மி.மீ. அளவில் பாதி வேலைக்கு உதவும், 2.5 மி.மீ. அளவிலும் அதற்குக் கீழும் அது தேவைக்கு மேற்பட்ட வலுவைக் கையில் கொடுத்துத் திருகைக் கெடுக்கும்; 8 மி.மீ. அளவிலும் அதற்கு மேலும் தேவையான வலுவைக் கொடுக்கவே கொடுக்காது. ஆகவே ஒரே கைப்பிடி வடிவத்தில் 2 முதல் 10 வரை அடுக்கிவைத்த செட்டை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதற்கான காரணம் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு எளிதானது என்பதால் அதையே முதலில் பார்த்துவிடலாம்.

டி-கைப்பிடியின் இரு நுனிகளையும் இரு கைகளால் எதிரெதிர்த் திசையில் தள்ளும்போது கிடைக்கும் முறுக்குவிசை, ஒரு கை தரும் விசையைக் கைப்பிடியின் முழு அகலத்தால் பெருக்கி வருவதாகும். கைப்பிடி 100 மி.மீ. அகலம் என்று கொள்வோம். ஒவ்வொரு கையும் 25 நியூட்டன், அதாவது இரண்டரை கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை தந்தால், திருகுக்கு 2.5 நியூட்டன் மீட்டர் முறுக்கு போய்ச் சேர்கிறது. இரண்டரை கிலோ என்பது கைக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 8.8 தரத்து (திருகின் வலுவைக் குறிக்கும் எண்; எண் கூடினால் வலுவும் கூடும்) எம்3 திருகுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இறுக்கம் 1.2 முதல் 1.3 நியூட்டன் மீட்டர்தான். கை உணராமலேயே இரு மடங்கு முறுக்கு ஏறிவிடுகிறது என்றால், திருகின் கழுத்து முறிவதற்கோ, எதிரே அலுமினியமாக இருந்தால் மரை உரிந்து வருவதற்கோ வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இத்தகைய சிறு திருகுகளுக்கு ஸ்க்ரூ டிரைவர் போன்ற நேர்க்கைப்பிடி கொண்ட ஆலன் கருவியே உகந்தது. அதன் பருமனான பிடியை உள்ளங்கையில் உருட்டும்போது கிடைக்கும் முறுக்கு தானாகவே ஓர் எல்லைக்குள் நின்றுவிடும்.

பெரிய அளவுகளில் நிலைமை தலைகீழாகிறது. 8.8 தரத்து எம்8 திருகுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் தேவை. அதே 100 மி.மீ. கைப்பிடியில் அதைப் பெற ஒவ்வொரு கையும் 250 நியூட்டன், ஏறத்தாழ 25 கிலோ எடைக்குரிய விசையைத் தர வேண்டும். ஒரு திருகுக்கு முக்கி முனகிச் செய்துவிடலாம். வரிசையாக இருபது திருகுகளுக்குச் செய்ய முடியாது. அதிலும் அறுகோணக் குழியுள்ள உருளைத் தலைத் திருகுகள் பெரும்பாலும் 12.9 தரத்தில் வருகின்றன. அவற்றின் முழு வலுவையும் பயன்படுத்த வேண்டிய இணைப்பானால் தேவைப்படும் முறுக்கு இன்னும் ஒன்றரை மடங்குக்கு மேல் உயரும். இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில், எம்4 திருகுக்குச் சுமார் 3, எம்5 திருகுக்குச் சுமார் 6, எம்6 திருகுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் என்ற பகுதியில்தான் மனிதக் கையும் டி-கைப்பிடியும் இயல்பாக ஒத்துப்போகின்றன.

இங்கே சாவியின் அளவையும் திருகின் அளவையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முக்கியம். ஐஎஸ்ஓ 4762 வகை உருளைத் தலைத் திருகில் எம்3-க்கு 2.5, எம்4-க்கு 3, எம்5-க்கு 4, எம்6-க்கு 5, எம்8-க்கு 6, எம்10-க்கு 8 மி.மீ. சாவி. அதே எம்5 திருகு குவிந்த பட்டன் தலையுடனோ தளத்தோடு சமமாக அமரும் கவுண்டர்சங்க் தலையுடனோ வந்தால் சாவி 3 மி.மீ. ஆகிறது, எம்6-க்கு 4, எம்8-க்கு 5. தலையே இல்லாத கிரப் ஸ்க்ரூவில் இன்னும் ஒரு படி இறங்கி, எம்5-க்கு 2.5, எம்6-க்கு 3, எம்8-க்கு 4 என்று வரும். ஆக, ஒரே 4 மி.மீ. சாவி எம்5 உருளைத் தலைக்கும், எம்6 பட்டன் தலைக்கும், எம்8 கிரப் ஸ்க்ரூவுக்கும் பொருந்துகிறது. உங்கள் வேலையில் எந்தத் தலை மிகுதியாக வருகிறது என்பதைப் பார்த்த பிறகே எந்தச் சாவியை நல்ல விலை கொடுத்து வாங்குவது என்று முடிவு செய்யுங்கள். பலருக்கும் நாள்தோறும் கையில் இருப்பவை இரண்டோ மூன்றோ அளவுகள்தான். செட்டில் கூடவே வரும் 7 மி.மீ. பெட்டியிலேயே துருப்பிடித்துக் கிடக்கும்.

அடுத்து, எல் சாவியில் குழி மழுங்குவது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் டி-கைப்பிடியின் உண்மையான நன்மை வேகத்தில் மட்டும் இல்லை. எல் சாவியின் ஒரு கரத்தைப் பிடித்து இழுக்கும்போது திருகுக்கு முறுக்கு மட்டும் போவதில்லை. சாவியைப் பக்கவாட்டில் சாய்க்கும் விசையும் சேர்ந்தே போகிறது. சாவி சற்றே சாய்ந்தவுடன் அறுகோணத்தின் விளிம்புகள் குழியின் முழு ஆழத்திலும் தொடாமல் வாய்ப்பகுதியில் மட்டும் அழுந்துகின்றன. அந்தச் சிறு பரப்பு அழுத்தம் தாங்காமல் உருண்டுவிடுகிறது. இரு கைகளும் சம விசையில் எதிரெதிராகத் தள்ளும் டி-கைப்பிடியில் பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டு, முறுக்கு மட்டுமே மிஞ்சுகிறது. இந்த நன்மை இரு கைகளாலும் பிடிப்பவருக்கு மட்டும்தான். ஒரு நுனியை மட்டும் பிடித்து இழுப்பவர், நீளம் குறைந்த எல் சாவி ஒன்றைத்தான் கையாளுகிறார். தண்டு உயரமாக இருப்பதால் சாய்வு இன்னும் மோசமாகவே இருக்கும்.

மழுங்குவதற்கு இன்னொரு காரணம் சாவிக்கும் குழிக்கும் இடையிலான இடைவெளி. தரநிலைப்படி 5 மி.மீ. சாவியின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அளவு 4.952 முதல் 5.000 மி.மீ. வரை இருக்கலாம், அது நுழையும் குழி 5.02 முதல் 5.14 வரை இருக்கலாம். இரண்டும் நல்ல பக்கத்தில் அமைந்தால் ஆட்டம் 0.02 மி.மீ.; இரண்டும் மோசமான பக்கத்தில் அமைந்தால் 0.19 மி.மீ. வரை போகும். இவ்வளவும் தரத்துக்கு உட்பட்டதே. குழியின் அளவு நம் கையில் இல்லை. சாவியின் அளவு இருக்கிறது. எனவே வாங்கும்போது வெர்னியர் அல்லது மைக்ரோமீட்டர் கொண்டு மூன்று பக்க இணைகளையும் அளந்து பாருங்கள். 5 மி.மீ. என்று பொறித்த சாவி 4.95-க்குக் கீழே காட்டினாலோ, மூன்று இணைகளும் மூன்று அளவு காட்டினாலோ, கைப்பிடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை எடுக்க வேண்டாம். பலரும் கைப்பிடியின் ரப்பரை அழுத்திப் பார்த்துவிட்டு முனையைப் பார்க்காமலேயே வாங்குகிறார்கள். திருகைத் தொடுவது முனைதானே.

அங்குல அளவுச் சாவிகள் கூடக் கலந்திருந்தால் அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். 5/32 அங்குலம் 3.97 மி.மீ. என்பதால் 4 மி.மீ. குழியில் ஒழுங்காகவே வேலை செய்யும். 5/64 அங்குலத்துக்கும் 2 மி.மீ. அளவுக்கும், 5/16 அங்குலத்துக்கும் 8 மி.மீ. அளவுக்கும் இதே உறவு உண்டு. மற்றவை அப்படி அல்ல. 3/32 அங்குலம் 2.38 மி.மீ.; அது 2.5 மி.மீ. குழிக்குள் இலகுவாக நுழைந்து, பொருந்திவிட்டது போலத் தோன்றி, இறுக்கும் கணத்தில் குழியை உருட்டிவிடும். 3/16 அங்குலம் 4.76 மி.மீ.; 5 மி.மீ. குழிக்கு அதுவும் அதே கேட்டைச் செய்யும்.

இனிப் பந்து முனை. தண்டின் நுனியை உருண்டையாகக் கடைந்து, அதற்குப் பின்னால் ஒரு கழுத்தைக் குறுக்கியிருப்பதால், திருகின் அச்சுக்கு 25 டிகிரி வரை சாய்ந்த நிலையிலும் சுழற்ற முடிகிறது. நேராக அணுக முடியாத மூலைகளில் இதற்கு ஈடு வேறில்லை. நேராக அணுக முடிந்த இடத்திலும், குழிக்குள் முனையைக் கண்டுபிடித்துச் செருகும் வேலை பந்து முனையில் விரைவாக முடிகிறது. ஆனால் விலை இரண்டு இடங்களில் கொடுக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, கழுத்தின் விட்டம் குறைவு. முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே விட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வலு ஏறத்தாழ பாதியாகிவிடும். இரண்டாவது, முழு அறுகோணம் குழியின் சுவரை நீளவாக்கில் தொடுகிறது. பந்தோ தன் அகன்ற வளையத்தில் ஆறு சிறு இடங்களில் மட்டும் தொடுகிறது. எனவே பந்து முனை திருகை ஓட்டி இறக்குவதற்கும், தளர்ந்த திருகைச் சுழற்றி எடுப்பதற்கும் உரியது. கடைசி இறுக்கத்துக்கும், இறுகிய திருகின் முதல் அசைவுக்கும் உரியதன்று. உடைந்த பந்து குழிக்குள் சிக்கிக்கொண்டால் அதை எடுப்பது திருகைத் துளையிட்டு எடுப்பதைவிடத் தொல்லையான வேலை, ஏனென்றால் கருவியின் எஃகு துளையிடும் டிரில்லுக்கு எளிதில் இடம் கொடுக்காது.

பட்டன் தலையிலும் கவுண்டர்சங்க் தலையிலும் பந்து முனையை அறவே தவிர்க்குமாறு சொல்வேன். எம்6 உருளைத் தலையில் குழியின் ஆழம் குறைந்தது 3 மி.மீ.; எம்6 பட்டன் தலையில் அது 2 மி.மீ. அளவில்தான் தொடங்குகிறது. பந்தின் அகன்ற பகுதி நுனியிலிருந்து சற்று மேலே இருப்பதால், ஆழமில்லாத குழியில் அந்தப் பகுதி வாய்க்கு மிக அருகிலேயே நின்றுவிடுகிறது. சாவியும் ஓர் அளவு சிறியது, பிடிப்பும் விளிம்பில். மழுங்காமல் இருந்தால்தான் வியப்பு.

இந்த இரு முனைகளுக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கைப்பிடியின் ஒரு பக்க நுனியிலிருந்து குட்டையான முழு அறுகோண முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை ஒன்று உண்டு. உள்ளே இருப்பது உண்மையில் ஓர் எல் சாவிதான். அதன் வளைவைச் சுற்றிக் கைப்பிடியை வார்த்திருக்கிறார்கள். நீண்ட தண்டின் பந்து முனையால் திருகை ஓட்டி இறக்கிவிட்டு, கருவியைத் திருப்பிக் குட்டை முனையைக் குழியில் செருகினால், நீண்ட தண்டே 150 அல்லது 200 மி.மீ. நெம்புகோலாகிவிடுகிறது. மேலே 6 மி.மீ. அளவில் பாதி வேலைக்கு உதவும் என்று சொன்னேனே, அந்த மறுபாதியை இந்தக் குட்டை முனை செய்துவிடும். உங்கள் தேவைக்கு 4, 5, 6 மி.மீ. மூன்றையும் இந்த வகையில் வாங்குவதுதான் என் பரிந்துரை. ஒரு குறை உண்டு: குட்டை முனை வெளியே நீட்டுவதால் கைப்பிடி சுழலும் வட்டம் பெரிதாகிறது, நெருக்கமான இடத்தில் அது அடுத்த உறுப்பில் இடித்துக்கொண்டே இருக்கும்.

மற்ற கைப்பிடி வகைகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஒரே கம்பியை வளைத்து வளையம்போல் ஆக்கி மேலே வினைல் பூசிய பிடி மெலிந்தது, மலிவானது, நீடித்தது. தண்டு கைப்பிடிக்குள் வழுக்கிச் சுழலும் பேச்சே அதில் இல்லை. வார்த்த பிளாஸ்டிக் பிடி கைக்கு இதமானது. ஆனால் தண்டின் உட்பகுதி தட்டையாக்கப்பட்டோ வளைக்கப்பட்டோ இல்லாவிட்டால், சில காலத்தில் பிடி மட்டும் சுழன்று தண்டு நின்றுவிடும். குறுக்குக் கம்பி நகர்ந்து டி ஆகவும் எல் ஆகவும் மாறும் வகை பார்க்கக் கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், விட்டுவிட்டு ஓட்டும் வேலைக்குத்தான் ஏற்றது. தண்டின்மேல் தனியே சுழலும் உறை உள்ள வகை கிடைத்தால் விடாதீர்கள். ஒரு கை அந்த உறையைப் பிடித்துத் தண்டை நேராக நிறுத்தி வைக்க, மறு கை கைப்பிடியைச் சுழற்ற, நீண்ட மரைகளை ஓட்டுவது மிக எளிதாகிறது. எந்த வகையானாலும் பிளாஸ்டிக் பிடியை மின்காப்பு என்று எண்ணிவிட வேண்டாம். ஐஇசி 60900 தரநிலையின்படி 1000 வோல்ட் குறியிட்ட கருவிக்கு மட்டுமே அந்தத் தகுதி உண்டு.

தண்டின் நீளத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீளமானது எப்போதும் நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எந்தத் தண்டும் முறுக்கும்போது தானும் சிறிது முறுகுகிறது. அந்த முறுகல் நீளத்தோடு நேராகக் கூடும்; விட்டத்தின் நான்மடிப் பெருக்கத்துக்கு எதிராகக் குறையும். 150 மி.மீ. நீளமுள்ள 2.5 மி.மீ. தண்டில் 1.2 நியூட்டன் மீட்டர் செலுத்தினால், அது ஏறத்தாழ 30 டிகிரி முறுகிய பிறகே அந்த முறுக்கு முழுமையாகத் திருகை அடைகிறது. கை முப்பது டிகிரி சுழன்றுவிட்டது, திருகு இன்னும் அசையவில்லை. தலை அமர்ந்ததா, அமரவில்லையா என்ற உணர்வு அந்த நெகிழ்வில் கரைந்துபோகிறது. 5 மி.மீ. தண்டில், அதே நீளத்தில், எட்டு மடங்குக்கும் மேலான 10 நியூட்டன் மீட்டருக்கு முறுகல் 15 டிகிரி மட்டுமே. ஆகவே 2.5, 3 மி.மீ. அளவுகளில் 100 மி.மீ. நீளமே போதும், ஆழமான துளைக்குள் எட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் கூட்டுங்கள். 4, 5 மி.மீ. அளவுகளுக்கு 150 பொதுவாகச் சரியாக இருக்கும். 6 மி.மீ. தண்டுக்கு 200 வரை போகலாம். குட்டை முனையைப் பயன்படுத்தும்போது அந்த நீளமே நெம்புகோலாகப் பயன்படும். வேறொரு காரணமும் உண்டு: தண்டு நீள நீள, மேலே கையின் சிறு அசைவு முனையைப் பெரிதாகச் சாய்க்கும். நீண்ட தண்டைச் சுழற்றும்போது மறு கையின் இரு விரல்களால் அதை முனைக்கு அருகில் தாங்கிக்கொள்வது நல்ல பழக்கம்.

எஃகைப் பற்றிய விளம்பரங்களை அளவோடு நம்புங்கள். குரோம் வனேடியம், எஸ்2 என்ற இரண்டும் நல்ல வகைகளே. வெப்பப் பதப்படுத்தல் சரியாக இருக்கிறதா என்பதே மிகுதியான வேறுபாட்டைத் தருகிறது. 12.9 தரத்துத் திருகின் கடினம் ராக்வெல் சி அளவில் 39 முதல் 44 வரை. சாவி இதைவிடத் தெளிவாக மேலே, 50-களில், இருக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் விளிம்பு தேயாது, ஆனால் தண்டு வளைவதற்குப் பதில் பட்டென்று முறியும். இறுக்கிக்கொண்டிருக்கும் கை எதிரே இருக்கும் கூர்விளிம்பில் போய் மோதும். சில தயாரிப்பாளர்கள் முனையின் வடிவத்தையே மாற்றியிருக்கிறார்கள். வேராவின் ஹெக்ஸ்-பிளஸ் வடிவம் அழுத்தத்தை மூலைகளிலிருந்து விலக்கிப் பக்கங்களுக்குப் பரப்புவதால், துருப்பிடிக்காத எஃகுத் திருகு போன்ற மென்மையான தலைகளில் பயன் தெரிகிறது. விகாவின் மேஜிக் ரிங் என்ற வகையில் பந்து முனையில் ஒரு சிறு வளையம் திருகைப் பிடித்துக்கொள்ளும். காந்தம் ஒட்டாத திருகைக் கைக்கு எட்டாத துளைக்குள் கொண்டுபோய் நிறுத்த அது உதவும்.

பராமரிப்பில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேர்முனையின் விளிம்புகள் உருண்டு பளபளக்கத் தொடங்கினால் சாவியைத் தூக்கி எறிய வேண்டாம்; தண்டு முழுவதும் ஒரே அறுகோணம் என்பதால், தேய்ந்த ஒன்றிரண்டு மி.மீ. நீளத்தைச் சாணைக்கல்லில் நேராகத் தேய்த்து எடுத்தால் புது விளிம்பு கிடைத்துவிடும். தேய்க்கும்போது அடிக்கடி நீரில் நனையுங்கள். நுனி நீலநிறமாக மாறினால் பதம் போய்விட்டது என்று பொருள், அந்த நீளத்தையும் நீக்க வேண்டியிருக்கும். பந்து முனைக்கு இந்த வழி இல்லை. அது தேய்ந்தால் பந்தை வெட்டிவிட்டு நேர்முனையாக வைத்துக்கொள்ளலாம். குழிக்குள் பெயின்டோ தூசியோ அடைந்திருந்தால் சாவி முழு ஆழத்துக்குப் போகாது. செருகுவதற்கு முன் கூரான கம்பியால் அதைச் சுரண்டி எடுத்துவிடுவது, எவ்வளவு விலை உயர்ந்த சாவியும் தராத பாதுகாப்பைத் தரும். இறுகிப்போன திருகுக்காக டி-கைப்பிடியில் குழாயைச் செருகி நீட்ட வேண்டாம். அது கருவியின் கணக்கில் இல்லாத விசை.

உங்கள் பட்டியலில் இருக்கும் எம்10 திருகுக்கு, 8 மி.மீ. டி-கைப்பிடியை விட்டுவிட்டு, அரை அங்குல அல்லது 3/8 அங்குலச் சதுரத்தில் மாட்டும் 8 மி.மீ. அறுகோண சாக்கெட் ஒன்றை வாங்கி ராட்செட்டிலும் குறித்த முறுக்குக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சிலும் பயன்படுத்துங்கள். அதே முறையில் 5, 6 மி.மீ. சாக்கெட்டுகளையும் சேர்த்து வைத்துக்கொண்டால், முறுக்கு அளவு குறிப்பிடப்பட்டிருக்கும் எம்6, எம்8 இணைப்புகளில் டி-கைப்பிடியால் தலை அமரும்வரை ஓட்டிவிட்டு, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சிடம் விட்டுவிடலாம். எம்3-க்கு 2.5 மி.மீ. நேர்க்கைப்பிடி ஒன்று, எம்4-க்கு 100 மி.மீ. நீளத்தில் 3 மி.மீ. டி-கைப்பிடி ஒன்று, அதற்கு மேல் 4, 5, 6 மி.மீ. அளவுகளில் குட்டை முனையுள்ள டி-கைப்பிடிகள் மூன்று: முதலில் இந்த ஐந்தை மட்டும் வாங்குங்கள். பட்டன் தலைகளோ கிரப் ஸ்க்ரூக்களோ நிறைய வருவது தெரிந்தால், பிறகு 2 மி.மீ. நேர்க்கைப்பிடியையும், பந்தில்லாத நேர்முனை கொண்ட 3, 4 மி.மீ. சாவிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது கையில் இருக்கும் எல் சாவிகளை அப்புறப்படுத்த வேண்டாம். டி-கைப்பிடி நுழையவே முடியாத இண்டு இடுக்குகளில் அவையே கைகொடுக்கும்.